உங்கள் பெயரில் ஒரு சீட்டு

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், குமரி மாவட்டத்தில் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: அக்கா, எனக்கு 37 வயது. ஊர் தூத்தூர் பக்கம். மகனுக்கு 11 வயது, ஆட்டிசம். பேச்சு வரவில்லை. அவன் அப்பா விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். போனால் திரும்பி வர ஒரு மாதம், சில நேரம் நாற்பது நாள். கரையில் இருப்பது ஐந்தாறு நாள்தான். மகன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தாழ்ப்பாளைத் திறந்துவிடுவான். வெளியே இறங்கினால் கடல். அதனால் அவன் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் ஒரு துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். நான் முழுசாகத் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை. “உனக்க வளர்ப்பு சரியில்ல” என்கிறார் மாமி. நேர்ச்சை பாக்கி இருக்கிறது என்றும் சொல்கிறார். போன வாரம் சோற்றைத் தட்டோடு தூக்கி எறிந்தான். அடித்துவிட்டேன். கன்னத்தில் விரல் பதிந்துவிட்டது. அவன் அழவில்லை. என் கையைப் பிடித்துத் தன் கன்னத்திலேயே வைத்துக்கொண்டான். அன்றைக்கு ராத்திரி, நாங்கள் இரண்டு பேரும் இல்லாமல் போய்விட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று தோன்றியது. இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மகனுக்கு நான் என்ன செய்ய வேண்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: மக்களே, (நம் ஊரில் ஒற்றைப் பிள்ளையையும் இப்படித்தான் கூப்பிடுவோம், நானும் அப்படியே கூப்பிடுகிறேன்) கடைசியில் மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தின வரிகளை நான் நாலைந்து தடவை வாசித்தேன். என் முதல் பதில் அந்த வரிகளுக்கு.

வருஷக்கணக்கில் தூங்காமல் கிடக்கிற மூளைக்கு இப்படி ஒரு நினைப்பு வரும். மனச்சோர்வு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். உங்களுக்கு மகன்மேல் பாசம் குறைந்துபோனதாக நினைக்கவே வேண்டாம். இதற்கு வைத்தியம் உண்டு, ஆனால் தள்ளிப்போடக் கூடாது. இந்தப் பக்கத்தை வாசித்து முடித்த கையோடு 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவை இது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். அது போதும், மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

அந்த நினைப்பு இன்னொரு ராத்திரி வந்தால் மணி எத்தனை ஆனாலும் மாமியை எழுப்புங்கள். அவரிடம் சொல்ல முடியாது என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தனியாக மட்டும் இருக்காதீர்கள். மனசு கைமீறிப் போவது போலிருந்தால் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அவசரப் பிரிவு ராத்திரியும் திறந்துதான் இருக்கும்.

சரி, இனி என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. 2017-ல் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. ஆறு வருஷம் படுக்கையில் இருந்தார். நான் செவிலியர் ஆயிற்றே, 200 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். பிரஷர், சர்க்கரை, எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தேன், சிறுநீர் எவ்வளவு, கஞ்சி எத்தனை தம்ளர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். ராத்திரி 12, 2, 4 என்று அலாரம் வைத்து எழுந்து எழுந்து, பிறகு அலாரம் இல்லாமலே விழிப்பு வந்தது. விழிப்பு வந்தால் நெஞ்சு படபடக்கும். காரணம் இல்லாமல் அழுகை வரும். ஒரு நாள் அவருக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டரிடம் இதைச் சொன்னேன். “நீங்களே நர்ஸ், உங்களுக்குத் தெரியாததா, தைரியமா இருங்க” என்று சொல்லி அவருக்கு மட்டும் மருந்து எழுதித் தந்து அனுப்பிவிட்டார். அது எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

2021 கடைசியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் பார்க்க ஒரு பெண் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். சின்ன வயசு. அவருக்குப் பார்த்து முடித்துப் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். “மாமி, உங்க கையையும் நீட்டுங்க.” பார்த்தால் 180-க்கு 110. நான் ஆயிரக்கணக்கான பேருக்கு அந்தப் பட்டையைக் கட்டியிருக்கிறேன், எனக்குக் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. அவள் நோட்டை எடுத்துப் புரட்டினாள். “உங்களுக்கு எங்க எழுதணும்?” என்று கேட்டாள். நாலு வருஷ நோட்டில் எனக்கு ஒரு வரி இல்லை. நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் என் பெயரை எழுதி, அடியில் கோடு போட்டு, தேதி போட்டு, 180/110 என்று எழுதிவிட்டுப் போனாள். என் பெயரை அப்படி எழுத்தில் பார்த்ததும் நான் உட்கார்ந்து அழுதேன். அடுத்த வாரம் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் என் பெயரில் ஓ.பி. சீட்டு எடுத்தேன். பிரஷருக்கு ஒன்று, மனநலப் பிரிவுக்கு ஒன்று.

உங்கள் வீட்டில் மகனுடைய சீட்டுகள் ஒரு பாலிதீன் கவர் நிறைய இருக்கும். அவற்றில் உங்கள் பெயர் ‘தாய்’ என்று கேட்ட இடத்தில் மட்டும்தான் இருக்கும். மகனுக்கு என்ன செய்வது என்று கேட்டீர்களே, நான் சொல்வது இதுதான்: முதலில் உங்கள் பெயரில் ஒரு சீட்டு எடுங்கள். மகனுக்காக நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஊரே சொல்லும். நீங்கள் நன்றாக இருக்க வேண்டியது உங்களுக்காகவும்தான்.

ஆசாரிப்பள்ளத்தில் இருக்கிற கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் புறநோயாளி பார்க்க மாட்டார்கள். உங்கள் ஊரிலிருந்து அது தூரம்தான். அதனால் முதலில் குழித்துறை அரசு மருத்துவமனையில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு முறை வைத்து வரும். எந்தக் கிழமை என்று சீட்டுக் கொடுக்கும் இடத்தில் சொல்வார்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மகன் கூட வந்தால் மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டுங்கள், அவனுக்கும் டிக்கெட் இல்லை.

டாக்டரிடம் போனதும் மகன் கதையைத் தொடங்கிவிடுவீர்கள், எனக்குத் தெரியும். நாம் எல்லாரும் அப்படித்தான். அதனால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணி நேரம் தூங்குகிறேன், பசி எப்படி, எத்தனை வாரமாக மனசு இப்படி இருக்கிறது, சாக வேண்டும் என்ற நினைப்பு எப்போது வந்தது. இந்த நாலும் போதும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனசு இருண்டு கிடந்தால் அதை நோயாக எடுத்துப் பார்ப்பார்கள். பேச்சு மூலமாகவே சரியாகிறவர்கள் உண்டு, மாத்திரை தேவைப்படுகிறவர்களும் உண்டு. மாத்திரை தந்தால் உடனே தெரியாது, இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். ‘கேட்கவில்லை’ என்று பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். 2017-ல் வந்த மனநலச் சட்டப்படி உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்வது உங்கள் உரிமை.

அடித்ததைப் பற்றி: டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். கை ஓங்குவது போல வந்தால் அவன் பக்கத்தில் கத்தி, அடுப்பு இல்லை என்று பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் முகம் கழுவுங்கள். சோறு தரையில் கிடந்தால் கிடக்கட்டும். அவன் உங்கள் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சு வராத பிள்ளை சொன்னது அது. அதை நீங்கள் குற்றப்பத்திரிகையாக வாசித்திருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அம்மா இங்கேயே இரு என்று சொல்லியிருக்கிறான்.

தூக்க விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தூக்கக் கோளாறு சாதாரணமாக இருப்பதுதான், அதற்குத் தனியாக ஆலோசனையும் மருந்தும் உண்டு. மகனைப் பார்க்கிற டாக்டரிடம் ‘ராத்திரி 2 மணிக்கு எழுந்துவிடுகிறான்’ என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். துண்டால் கட்டுவதை விடுங்கள், இரண்டு பேருக்கும் அதில் நிம்மதி இல்லை. கதவின் மேல்பக்கம், அவனுக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடச் சொல்லி, கதவில் ஒரு மணியும் தொங்கவிடுங்கள். கதவு அசைந்தால் சத்தம் கேட்கும். அப்புறம் உங்கள் வீட்டுக்காரர். கரைக்கு வந்த மனுஷனுக்கு ஓய்வு வேண்டும்தான். ஆனால் படகில் ராத்திரி முறை வைத்துத்தானே காவல் இருக்கிறார்கள்? ஒருத்தரே நாற்பது நாளும் சுக்கானைப் பிடித்தால் படகு என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். கரையில் இருக்கிற ஐந்து ராத்திரியில் இரண்டு ராத்திரி மகன் அவர் முறை. அந்த இரண்டு ராத்திரியும் நீங்கள் வேறு அறையில், முடிந்தால் உங்கள் அம்மா வீட்டில், படுங்கள்.

மாமி சொல்வதை மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள். வளர்ப்பினால் ஆட்டிசம் வராது, மூளை வளர்ச்சியிலேயே உள்ள வேறுபாடு அது. ஒரு காலத்தில் வெளிநாட்டில் படித்த டாக்டர்களே தாய்க்குப் பாசம் இல்லாததுதான் காரணம் என்றார்கள். 1964-ல் பெர்னார்டு ரிம்லாண்டு என்ற அமெரிக்க உளவியலாளர் அதை மறுத்து எழுதினார். அவர் மகனுக்கே ஆட்டிசம். நேர்ச்சையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், மனசுக்கு ஆறுதல் என்றால் செய்யுங்கள். மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள், வழியில் ஆஸ்பத்திரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பண விஷயம் சுருக்கமாக: மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆட்டிசத்துக்கு வருஷத்தில் 1 லட்ச ரூபாய் வரை உண்டு, பயிற்சிச் செலவும் அதில் வரும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்குமா என்பது சான்றிதழில் என்ன குறைபாடு, எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்தது. நாகர்கோவில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் தெரியும்.

இன்னும் ஒன்று. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் பயிற்சி தரும் நாட்களில் வெளியே ஒரு பெஞ்சில் அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் நாலு பேர் கிடைத்தாலும் போதும். போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் எங்கே போட்டாய், எந்தத் துணி அவனுக்கு உறுத்தாது என்று அவர்களிடம் கேட்கிற மாதிரி வேறு யாரிடமும் கேட்க முடியாது. இரண்டு பிள்ளைகளை ஒருத்தி மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ள, இன்னொருத்தி போய்த் தூங்கிவிட்டு வந்த கதை எனக்குத் தெரியும்.

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது, மறதி நோய். எனக்கு 54, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம். அம்மாவைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். சாயங்காலம் ஆனால் ‘என்னை வீட்டுக்குக் கொண்டு விடு’ என்று வாசலில் போய் நிற்பாள். என்னை யார் என்று கேட்கிறாள். அண்ணனும் தம்பியும் வெளிநாட்டில். இப்போது ராத்திரி கொஞ்சம் குடித்தால்தான் தூக்கம் வருகிறது. ஆம்பிளை இதையெல்லாம் வெளியே சொல்லலாமா? (தோவாளை வட்டாரம்)

பதில்: சொல்லலாம் தம்பி, சொல்லத்தான் வேண்டும். பெற்ற தாயைக் குளிப்பாட்டித் துணி மாற்றுகிற ஆண்பிள்ளைகளை என் வேலைக் காலத்தில் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசாமல் இருந்து இருந்துதான் குடியில் போய் முடிகிறது. குடித்தால் தூக்கம் வருவது போலிருக்கும். பாதி ராத்திரியில் விழிப்பு வந்துவிடும், மறுநாள் மனசு இன்னும் கீழே போகும். நீங்கள் எழுதியிருப்பது ‘கொஞ்சம்’தான். இந்தக் கட்டத்திலேயே மனநல டாக்டரிடம் சொன்னால் விடுவது எளிது. மேலே அந்தத் தங்கைக்குச் சொன்ன 14416-ம் ஓ.பி. சீட்டும் உங்களுக்கும்தான்.

மறதி நோயில் சாயங்காலம் பரபரப்பு கூடுவது வழக்கம். ‘இதுதானம்மா நம்ம வீடு’ என்று வாதாட வேண்டாம். இருட்டுவதற்கு முன்னமே லைட்டைப் போடுங்கள். ‘சரிம்மா, சாயா குடிச்சிட்டுப் போவோம்’ என்று சொல்லி, கையைப் பிடித்துத் தெருவில் நாலு எட்டு நடந்துவிட்டு அதே வாசலுக்குக் கூட்டி வாருங்கள். திடீரென்று ஓரிரு நாளில் குழப்பம் ரொம்பக் கூடினால் டாக்டரிடம் காட்டுங்கள், சிறுநீரில் கிருமி சேர்ந்தாலும் வயசானவர்களுக்கு அப்படி ஆகும்.

உங்கள் அம்மா பூக்கட்டுகிறவராக இருந்திருப்பார் என்று ஊரை வைத்து நினைக்கிறேன். ஒரு தட்டில் ஒரு கைப்பிடி பிச்சியும் நனைத்த வாழைநாரும் வைத்துப் பாருங்கள். என் பகுதியில் ஒரு பாட்டிக்கு மகள் பெயர் மறந்து, தன் பெயரும் மறந்திருந்தது. பூவைக் கையில் கொடுத்ததும் இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் என்று விரல் தானாகப் போயிற்று. கட்டி முடித்ததை நாங்கள் அவிழ்த்து மறுபடி தட்டில் வைப்போம், மறுபடியும் கட்டுவார். ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். மகள் அந்த நேரத்தில் குளித்துச் சாப்பிட்டுவிடுவாள்.

சகோதரர்களிடம் ‘அம்மாவைக் கவனியுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் ‘சரி’ என்று போனை வைத்துவிடுவார்கள். கணக்காகக் கேளுங்கள். பகலில் ஆள் வைக்க மாதம் இவ்வளவு ரூபாய், ஆளுக்குப் பாதி. வருஷத்தில் 15 நாள் ஒவ்வொருவரும் வந்து இருக்க வேண்டும், அந்த நாட்களில் நான் வீட்டில் இருக்க மாட்டேன். முதியோருக்கான உதவி எண் 14567, காலை 8 மணி முதல் ராத்திரி 8 மணி வரை பேசலாம், கவனித்துக்கொள்கிறவர்களும் பேசலாம். மறதி நோய்க் குடும்பங்களுக்கென்றே 1992-ல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கம் இருக்கிறது. நமக்குத் திருவனந்தபுரம் பக்கம்தானே, விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்கு எட்டு வருஷமாக மனச்சிதைவு நோய். மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று சாப்பிடுவதில்லை. அம்மா விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போய் வந்து அப்பாவைப் பார்க்கிறாள். சிரித்தே பல மாதம் ஆகிறது. சங்கிலி போட்டு எங்காவது கொண்டு விட்டுவிடலாம் என்கிறார் பெரியப்பா. அம்மாவுக்கு நான் என்ன செய்ய? (குலசேகரம் பக்கம்)

பதில்: பெரியப்பாவிடம் இதைக் காட்டு மோளே. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அப்போது நான் வேலையில் இருந்தேன், அந்தச் செய்தியை இன்னும் என்னால் முழுசாக நினைக்க முடியவில்லை. 2017 சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது.

மாத்திரை விழுங்க மறுக்கிறவர்களுக்குச் சில வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊசி இருக்கிறது. அப்பா வர மறுத்தாலும் அம்மாவோ நீயோ போய் நிலைமையைச் சொல்லலாம், டாக்டர் வழி சொல்வார். மனநோயும் மாற்றுத்திறன் பட்டியலில் உள்ள 21 வகையில் ஒன்று, அதனால் அப்பாவுக்கும் அடையாள அட்டை கேட்கலாம்.

அம்மாவை ‘மனநல டாக்டரிடம் வா’ என்று கூப்பிட்டால் வர மாட்டாள், அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் போகிறோம் என்று கூப்பிடு. அங்கே போனதும் நீ பேசு. அம்மா சிரித்துப் பல மாதம் ஆயிற்று என்று எனக்கு எழுதினாயே, அந்த வரியைச் சொல். உனக்கும் பத்தொன்பது இருபது வயசுதான் இருக்கும். எட்டு வருஷம் என்றால் ஆறாம் ஏழாம் வகுப்பிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டு வளர்ந்திருக்கிறாய். உன் தூக்கம், உன் படிப்பு எப்படி என்று நீ எழுதவே இல்லை.

மழை வந்து பால் வெட்டு இல்லாத நாள் ஒன்று சீக்கிரம் வரும். அன்றைக்கு முதல் பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. ஆஸ்பத்திரி ஓ.பி. ஜன்னலில் இரண்டு சீட்டு கேள், ஒன்று அம்மா பெயரில், ஒன்று உன் பெயரில்.